நீச்சல்குள மோட்டாரும் நான் போடாத கையெழுத்தும்

அந்த மோட்டாரை எரித்தது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் சிலர் இன்னும் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

காவலூரைத் தாண்டி மேலே போகிற பாதையில், மலைச்சரிவில் எட்டு அறைகளோடு ஒரு விடுதி இருக்கிறது. முதலாளி பெங்களூரில் இருக்கிறார். சனி ஞாயிறுகளில் கார்கள் வரும். மற்ற நாட்களில் மேனேஜரும் நானும் சமையல்காரரும்தான். விடுதியின் பின்பக்கம் ஒரு நீச்சல்குளம். அதில் விழும் இலையை அள்ளுவதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். நீளமான கம்பில் கட்டிய வலை, ஒரு பிரஷ், ஒரு வாளி. அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த சாமான்.

நான் திருப்பத்தூர் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் கம்பியாளர், அதாவது வயர்மேன் பிரிவில் படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சான்றிதழை வாங்கிக்கொண்டு நாலைந்து கடைகளில் வேலை கேட்டேன். ஒருவர் "பில் போட வர்றியாம்மா?" என்றார். இன்னொருவர் என் பேப்பரைக் கையில் வாங்கவே இல்லை. பிறகு கல்யாணம், சாமை விதைப்பு, புளி உலுக்குவது என்று வருடங்கள் போய்விட்டன. விடுதியில் இலை அள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் ரூம் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். அந்தக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "இன்னாடி, குடிக்கத் தண்ணி லாரில வருது, அங்க குளிக்கிறதுக்கு மோட்டார் போட்டு இறைக்கிறாங்களாமே?" அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மோட்டார் புதுத் தண்ணீரை இறைப்பதில்லை. குளத்தில் இருக்கும் தண்ணீரையே இழுத்து, மணல் வடிகட்டிக்குள் விட்டு, திரும்பக் குளத்துக்கே அனுப்புகிறது. அது ஓடினால் அதே தண்ணீர் மாதக்கணக்கில் கிடக்கும். நின்றால் நாலு நாளில் பாசி பிடிக்கும். அப்புறம் மொத்தத்தையும் வெளியே கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அதனால் அந்த மோட்டார் ஒழுங்காக ஓடவேண்டும் என்பதில் எனக்கு மேனேஜரைவிட அக்கறை அதிகம்.

போன வருடம் முதலாளி புது மோட்டார் ஒன்றை அனுப்பினார். இரண்டு வேகம் உள்ளது. மெதுவான வேகத்தில் நாளெல்லாம் ஓடித் தண்ணீரை வடிகட்டும். கரண்டும் குறைவாக இழுக்கும். அடிமண்ணை உறிஞ்சவும் வடிகட்டியைக் கழுவவும் வேகமாக ஓட்டிக்கொள்ளலாம். உள்ளே இரண்டு காயில், அதாவது செம்புக் கம்பிச் சுற்று. ஒன்று லோ, ஒன்று ஹை. இதையெல்லாம் பெங்களூரில் உட்கார்ந்து போனிலேயே ஓட்ட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதற்காக இரண்டு ஸ்மார்ட் டைமர்களோடு ஒரு டெக்னீஷியனையும் அனுப்பிவைத்தார்.

அந்த ஆள் மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டார். ஒரு டைமரிலிருந்து லோவுக்கு ஒரு வயர், இன்னொரு டைமரிலிருந்து ஹைக்கு ஒரு வயர். நான் வலையைப் பிடித்தபடி வாசலில் நின்று பார்த்தேன். மோட்டாரின் மூடிக்கு உட்பக்கம் ஒரு படமும் நாலு வரி எச்சரிக்கையும் ஒட்டியிருந்தன. தூரத்திலிருந்தே படித்துவிட்டேன்.

"சார், ரெண்டு டைமரும் ஒண்ணா ஆன் ஆயிட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆகாது. ஆப்ல தனித்தனியா டைம் செட் பண்ணிருக்கேன்."

"கரண்ட் போய்ட்டு வந்தா? நெட் இல்லன்னா?"

"ஏம்மா, இந்த வேலை உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ரெண்டு காயிலுக்கும் ஒரே நேரத்துல கரண்ட் போனா மோட்டார் வெந்துடும். நடுவுல ஒரு சேஞ்ச்ஓவர் ரிலே போடுங்க. அது ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் கரண்ட் விடும்."

அவர் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். "நீ போய் எலையப் பாரும்மா," என்றார் மேனேஜர். போய் இலையைப் பார்த்தேன். ஆனால் அவர்கள் சாப்பிடப் போனதும் திரும்பி வந்து, டைமர்கள் இருந்த பெட்டியைத் திறந்து, உள்ளே வயர் போயிருந்த விதத்தைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டேன். எதையும் தொடவில்லை.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு மாதமும் நான் மோட்டார் ரூமைத் தாண்டும்போதெல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டே போவேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து நல்ல காற்று. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, பத்தரைக்கு வந்தது. வந்ததும் லோ டைமர், போவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே ஆன் ஆகி மோட்டாரை ஓடவிட்டது. ஆனால் அதற்கு வைஃபை மறுபடி கிடைக்கவில்லை. ஹை டைமருக்குக் கிடைத்தது. பதினோரு மணிக்கு லோ நிற்க வேண்டும், ஹை ஓட வேண்டும். நிற்கச் சொன்னது லோவுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடச் சொன்னது ஹைக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் குளத்தைச் சுற்றியுள்ள கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் வரும் ரீங்காரம் சட்டென்று உறுமலாக மாறியது. பிரஷைப் போட்டுவிட்டு ஓடினேன். மோட்டார் ரூம் முழுக்க காயில்மேல் பூசிய வார்னிஷ் தீய்ந்த நாற்றம். மெயின் ஸ்விட்சை இழுத்துவிட்டேன். மோட்டார்மேல் கையை வைத்தால் ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. ஓடி வந்த மேனேஜர் கண்டது இதைத்தான்: புகை, மெயின் ஸ்விட்ச்மேல் ஒரு கையோடு நான்.

"இன்னா பண்ண?" என்று கத்தினார்.

"நிறுத்தினேன் சார்."

"அதுக்கு முன்ன இன்னா பண்ண?"

அங்கேயே நின்று டெக்னீஷியனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "அந்தம்மா அன்னிக்கே நோண்டுற மாதிரிதான் இருந்திச்சு சார். பெட்டியைத் திறந்திருப்பாங்க."

"தொறந்தியா?" என்றார் மேனேஜர்.

பொய் சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. "தொறந்தேன். படம் எடுத்தேன். தொடல," என்றேன்.

அவருக்கு அது போதும். சாயங்காலம் ஒரு தாளை அச்சடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். என் கவனக்குறைவால் மின் இணைப்பில் கைவைத்து மோட்டார் பழுதானதாகவும், இனி இப்படி நடக்காது என்றும் நான் எழுதிக்கொடுப்பது போல இருந்தது. கீழே எனக்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள்.

"கையெழுத்து போட்டா வேலை இருக்கும். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். போடலன்னா நாளையிலேர்ந்து வராத."

நான் தாளை இரண்டு தடவை படித்தேன். 'கவனக்குறைவால்' என்ற வார்த்தைதான் என்னை என்னவோ செய்தது. அங்கே கவனமாக இருந்தது நான் ஒருத்திதான்.

"போட மாட்டேன் சார். நாளைக்கும் வருவேன். கேட்டை மூடினீங்கன்னா கேட்டுக்கு வெளிய நிப்பேன்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒரு கையெழுத்துதான? போட்டுட்டு வாயேன். இன்னா கொறஞ்சி போவப்போற?" என்றார்.

மேனேஜர்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. "நீ வெதச்ச கொல்லைல உன்னைத் திருடன்னு எழுதிக் கையெழுத்து கேட்டா போடுவியா?" என்றேன்.  நான் சாப்பிடவில்லை. அவரும் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் போனேன். கேட் பூட்டியிருந்தது. சொன்னது போலவே வெளியே நின்றேன். பால்காரர், காய்கறி வண்டி என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "உள்ள மோட்டார் எரிஞ்சிடுச்சு. நான் எரிக்கல. அத்த சொல்லத்தான் நிக்கிறேன்." கம்பி வேலி வழியாகக் குளம் தெரிந்தது. இலை மிதந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் ஓரத்தில் பச்சை ஏறத் தொடங்கியது. அதைப் பார்க்கத்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

முதலாளியின் நம்பர் என்னிடம் கிடையாது. மேனேஜர் தரமாட்டார். இரண்டாம் நாள் மத்தியானம், நின்று நின்று கால் கடுத்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய போர்டைப் பார்த்தேன். அறை வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று ஒரு நம்பர் எழுதியிருந்தது. எத்தனையோ மாதமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கூப்பிட்டேன். முதலாளியே எடுத்தார்.

"எத்தனை பேருங்க? ரூம் எந்தத் தேதிக்கு வேணும்?"

"ரூம் வேணாம் சார். உங்க மோட்டார் ஏன் எரிஞ்சுதுன்னு சொல்ல கூப்பிட்டேன்."

 போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். நான் எடுத்த படத்தை அனுப்பச் சொன்னார். "சனிக்கிழமை வர்றேன். அந்த டெக்னீஷியனையும் வரச் சொல்றேன். நீங்களும் இருங்க," என்றார். அந்த இடத்தில் என்னை யாரும் அதுவரை 'நீங்க' என்று சொன்னதில்லை. ஆனாலும் அதற்காக நான் உருகிவிடவில்லை. அவர் இன்னும் எதையும் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

சனிக்கிழமை மோட்டார் ரூம் வாசலில் நாலு பேரும் நின்றோம். டெக்னீஷியன் முதலிலேயே ஆரம்பித்துவிட்டார். யாரோ உள்ளே வயரை மாற்றியிருக்கிறார்கள் என்றார். நான் முதலாளியிடம் கேட்டேன்: "சார், உங்க போன்ல அந்த ஆப்பைத் தொறங்க. எது எப்ப ஆன் ஆச்சு, எது எப்ப ஆஃப் ஆச்சுன்னு அதுல இருக்கும். செவ்வாக்கெழமை பதினோரு மணிக்கு இன்னா கீதுன்னு பாருங்க."

முதலாளி விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். ஹை டைமரில் பதினோரு மணிக்கு ஆன் என்று இருந்தது. லோ டைமரில் கரண்ட் போவதற்கு முன் ஆன் ஆனது இருந்தது. அதற்குப் பிறகு 'ஆஃப்லைன்'. ஆஃப் ஆனதாக ஒரு வரிகூட இல்லை. நான் அனுப்பிய படத்தையும் பெட்டிக்குள் இருந்த வயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு திருகுகூட இடம் மாறியிருக்கவில்லை.

"நெட் ப்ராப்ளம் சார்," என்றார் டெக்னீஷியன், மெதுவாக.

"நெட்டு போவும்னு இந்த மலைல மேயிற ஆட்டுக்குக்கூட தெரியும் சார். அன்னிக்கு நான் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க," என்றேன். மேனேஜர் மோட்டாரைப் பார்த்தபடி நின்றார்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "சரி, மோட்டாரை ரீவைண்டிங் பண்ணி, இவரையே திரும்ப ஒழுங்கா வயரிங் பண்ணச் சொல்லலாம்," என்றார். அதோடு நான் விட்டிருந்தாலே என் வேலை தப்பித்திருக்கும். எல்லோரும் நல்லபடியாகக் கலைந்து போயிருப்பார்கள்.

"நான் பண்றேன் சார்," என்றேன்.

பையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அரிசி டப்பாவுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் கிடந்து ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. முதலாளி அதைப் படித்தார். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்த ஏம்மா முன்னயே சொல்லல?" என்றார்.

"வேலைக்கு சேர்ந்த அன்னிக்கு உங்க கைலதான் சார் குடுத்தேன். எலை அள்றதுக்கு இது எதுக்குன்னு திருப்பிக் குடுத்தீங்க."

"இவர் பக்கத்துல நிக்கட்டும், நீங்க பண்ணுங்க," என்றார் முதலாளி.

"நிக்கட்டும் சார். கை மட்டும் வெக்கக்கூடாது."

மோட்டார் திருப்பத்தூருக்குக் காயில் கட்டப் போனது. சாமான் வாங்க நான் வாணியம்பாடி போகவேண்டும். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினால், கணவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "ஏறு," என்றார். அந்தக் கையெழுத்துப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆலங்காயம் வந்தபிறகுதான், "எனக்குப் புரியல அன்னிக்கு," என்றார். காற்றில் பாதிதான் கேட்டது. திரும்பச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

வாணியம்பாடியில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த பாய்க்கு அறுபது வயது இருக்கும். நான் எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்துவிட்டு, என் கணவரைப் பார்த்து, "சேஞ்ச்ஓவர் ரிலே எத்தினி ஆம்பியர் வேணும்?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"முப்பது, பாய்," என்றேன் நான்.

"மிஸ்திரி வரலியாம்மா?"

"நான்தான் மிஸ்திரி."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரிலே காயில் எத்தினி வோல்ட்?"

"எரநூத்தி முப்பது. ஒரு காண்டாக்டரும் வேணும். அதோட காயிலும் அதே வோல்ட்டுதான்."

"அச்சா," என்றார். அதற்குப் பிறகு என் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. முதலில் எடுத்துவைத்த ரிலேயைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்தார். "இது கொஞ்சம் முரடு. மலைல ஓல்டேஜ் ஆட்டம் போடும். இத்த எடுத்துட்டுப் போ, தாங்கும்." அதுவும் சரிதான். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

மோட்டார் திரும்பி வந்த அன்று காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். மெயினை இறக்கி, பூட்டைப் போட்டு, சாவியை என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். டெஸ்டரால் ஒரு தடவை, மீட்டரால் ஒரு தடவை கரண்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பழைய வயர் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டேன். முதல் டைமருக்கு ஒரே வேலைதான்: காண்டாக்டர் என்கிற தானாக இழுக்கும் பெரிய ஸ்விட்ச் வழியாக மோட்டாருக்குக் கரண்ட்டை விடுவது, நிறுத்துவது. இரண்டாவது டைமர் ரிலேயை மட்டும் ஆட்டும். ரிலே சும்மா இருந்தால் கரண்ட் லோவுக்குப் போகும், இழுத்தால் ஹைக்குப் போகும். உள்ளே இருக்கும் நாக்கு ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தொடும். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போனில் யார் எதை அமுக்கினாலும், இரண்டு காயிலுக்கும் ஒன்றாகக் கரண்ட் போகாது. பக்கத்தில் கையால் திருப்புகிற ஒரு ஸ்விட்சும் வைத்தேன். டைமர் இரண்டும் செத்தாலும் மோட்டார் ஓடும்.

டெக்னீஷியன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை, "நியூட்ரல் லூஸா இருக்கு," என்றார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். இறுக்கினேன். "தேங்க்ஸ் சார்," என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

மத்தியானம் மெயினைப் போட்டேன்.  லோவில் ரீங்காரம் வந்தது. ஹைக்கு மாற்றினேன், சத்தம் ஏறியது, குழாயில் தண்ணீர் அடித்து வந்தது. வீடியோ காலில் இருந்த முதலாளியிடம், "சார், உங்க போன்ல ரெண்டு டைமரையும் ஒண்ணா ஆன் பண்ணுங்க," என்றேன்.

"மறுபடி எரிஞ்சா?"

"எரியாது. பண்ணுங்க."

பண்ணினார். ஹை மட்டும் ஓடியது. மீட்டரை லோவில் வைத்துக் காட்டினேன். பூஜ்யம். டெக்னீஷியனிடம் திரும்பினேன். "நீங்களும் வாங்க சார். உங்க இஷ்டத்துக்கு அமுக்குங்க." அவர் எழுந்து வந்து அமுக்கினார். மாற்றி மாற்றி அமுக்கினார். வைஃபை டப்பாவின் பிளக்கைக்கூடப் பிடுங்கிப் பார்த்தார். மெயினை இறக்கி ஏற்றிப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒரு வேகம்தான். கடைசியில், "சரியா இருக்கு," என்றார்.  மன்னிப்பு கேட்பார் என்று நான் எதிர்பார்த்ததும் இல்லை.

அடுத்த வாரம் மேனேஜரிடம் போய், வருகைப் பதிவில் என் பெயருக்கு எதிரே இருக்கும் 'துப்புரவு' என்பதை அடித்துவிட்டு 'எலெக்ட்ரீஷியன்' என்று எழுதச் சொன்னேன். "ரெண்டு வேலையும்தான செய்யற?" என்றார். "அப்ப ரெண்டையும் எழுதுங்க. எலெக்ட்ரீஷியனை முதல்ல எழுதுங்க," என்றேன். பேனாவைத் தேடுகிற மாதிரி நேரத்தை ஓட்டினார். என் பேனாவைக் கொடுத்தேன். எழுதினார்.

சண்டை அதோடு முடியவில்லை. மேனேஜர் இன்றைக்கும் ஊரில் யாராவது கேட்டால், "அன்னிக்கு ஏதோ கைபட்டு எரிஞ்சிடுச்சு, அப்புறம் சரி பண்ணோம்," என்றுதான் சொல்கிறாராம். 'பண்ணோம்'! கேள்விப்படும்போதெல்லாம் நேராகப் போய்க் கேட்டுவிடுவேன். அவர் இல்லவே இல்லை என்பார்.

போன மாதம் டெக்னீஷியனின் கம்பெனியிலிருந்து வேறொரு ஆள் வந்து, வருடாந்திரச் சோதனை என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு பார்த்தால் என் பெட்டிமேல் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். இந்த வேலையைச் செய்தது அவர்கள் கம்பெனி என்று போட்டிருந்தது. சமையலறையிலிருந்து ஒரு கத்தியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்து சுரண்ட ஆரம்பித்தேன். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார்.

"ஏம்மா, ஒரு ஸ்டிக்கர்தான? இருந்துட்டுப் போவட்டுமே."

"அவங்க பண்ணல சார்," என்றேன்.

முழுதாக வருவதற்கு அரை மணி நேரம் ஆனது. துடைத்துவிட்டு, ஒரு தாளில் வயர் எது எங்கே போகிறது என்று நிறம் நிறமாக வரைந்து மூடியின் உட்பக்கம் ஒட்டினேன். நாளைக்கு வேறு யார் வந்து திறந்தாலும் புரியவேண்டும். பெட்டியை மூடித் திருகை இறுக்கினேன். லோவில் ஓடிக்கொண்டிருந்தது.